குப்பை, குப்பம், ஹௌஃபன்: ஒரு குவியலின் வரலாறு

"எந்த ஊர் நீங்க?" என்று சங்க விழாவில் புதிதாக அறிமுகமாகும் அன்பர்கள் கேட்பார்கள். "குப்பம்" என்பேன். "அது சரிங்க, எந்தக் குப்பம்?" என்று உடனே அடுத்த கேள்வி வரும். நொச்சிக்குப்பமா, வைத்திக்குப்பமா என்று அவர்கள் மனத்தில் ஒரு பட்டியல் ஓடும். "வெறும் குப்பம்தாங்க. ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருக்கு. ரயில்வே ஸ்டேஷன் உண்டு, பல்கலைக்கழகம்கூட உண்டு" என்று நான் அடுக்குவேன். சிலர் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். சிலர் அடக்குவதில்லை. "ஊர்ப் பேரே குப்பமா? குப்பைன்னு ஒரு ஊர் இல்லையா?" என்று கேட்டவரும் உண்டு. அவருக்கு நான் சொன்ன பதில்: "இருக்கே! சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்று பெயர்பெற்ற ஊரே இருக்கு."

இந்தச் சிரிப்பு எனக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் இலையுதிர் காலத்தில் ஒருநாள் பள்ளி விட்டு வந்த என் மகன் கேட்ட கேள்வி பழகியதாக இல்லை. இங்கே ஜெர்மனியில் அந்தக் காலத்தில் தெருவெல்லாம் இலைதான். கூட்டிக் குவித்து வைப்பார்கள், பிள்ளைகள் அதில் விழுந்து புரளும். அந்தக் குவியலுக்கு ஜெர்மனில் 'ஹௌஃபன்' என்று பெயர். "அப்பா, ஹௌஃபன்னா குவியல். குப்பைன்னாலும் குவியல்னு நீங்கதானே சொன்னீங்க? ஹௌஃபன், குப்பை, ரெண்டும் ஒரே வார்த்தையா? ஜெர்மன்காரங்க நம்மகிட்டேயிருந்து எடுத்துக்கிட்டாங்களா?"

"ஆமாடா கண்ணு" என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். நம் மலர்களில் இதைப்போன்ற கட்டுரைகள் எத்தனை வந்திருக்கின்றன! ஆங்கிலச் சொல் ஒன்று, தமிழ்ச் சொல் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து 'பார்த்தீர்களா!' என்று வியந்து முடிக்கும் கட்டுரைகள். ஆனால் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாதே. ஆகவே கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மூன்று மொழி கலக்கும் ஊர்

முதலில் ஊரைப் பற்றி. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் பாதை 1864-இல் திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் பங்காருப்பேட்டைக்கு முன்னால் வருவது குப்பம். பழைய நாளில் கங்குந்தி ஜமீனைச் சேர்ந்த பகுதி. அப்போது அது வடஆர்க்காடு மாவட்டம். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானபோது அதனோடு போனது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதற்குள் போனது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது குப்பம் சித்தூரிலேயே நின்றுவிட்டது. ஊர் நகரவே இல்லை. மேலே இருந்த பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டே வந்தது.

ஒரு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கர்நாடகம், ஆட்சிமொழி தெலுங்கு. சந்தையில் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழியும் கலக்கும். அதனால்தானோ என்னவோ, திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்வதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 1997-இல் இங்கே நிறுவப்பட்டது. அதுதான் திராவிடப் பல்கலைக்கழகம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான மொழியியல் அறிஞர் வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் முயற்சி இதன் உருவாக்கத்தில் முக்கியமானது. சொற்களின் வேரைத் தேடும் கழகம் நிற்கும் ஊரின் பெயரையே தேடிப்பார்ப்பது பொருத்தம்தானே!

குப்பை என்றால் குப்பையா?

இன்றைக்குக் 'குப்பை' என்றால் நமக்குத் தோன்றுவது கழிவு, தூசி, தொட்டி. ஆனால் பழந்தமிழில் குப்பை என்றால் குவியல், அவ்வளவுதான். எதன் குவியலாகவும் இருக்கலாம். சங்கப் பாடல்களில் உப்பளத்தில் குன்றுபோல் நிற்கும் உப்புக்கும் குப்பை என்று பெயர். நெற்குப்பை என்ற ஊர்ப்பெயர் அந்தப் பழம்பொருளை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. நெல் குவிந்த இடம் அது. அதைவிட மங்கலமான பெயர் ஓர் ஊருக்கு வேறென்ன வேண்டும்?

நம்ம ஊர்ப் பக்கத்து விவசாயி பேச்சிலும் குப்பை இழிவான சொல் அல்ல. "நிலத்துக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால் எரு கொட்டியாயிற்றா என்று பொருள். மாட்டுச் சாணமும் தழையும் சேர்ந்து மக்கிய அந்தக் குவியல்தான் அடுத்த வருஷத்துச் சாப்பாடு. வீட்டுப் பக்கத்தில் குப்பைக்குழி பெரிதாக இருந்தால் மாடுகன்று நிறைந்த வீடு என்று பெண் கொடுக்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள்.

இதன் வேர் 'குவி' என்ற வினையோடு நெருங்கியது என்பது மொழியறிஞர் கருத்து. குவி, குவியல், குவை, குப்பை, குப்பல் எல்லாம் ஒரே குடும்பம். கொஞ்சம் தள்ளி நின்றால் கும்பல், கும்பிடு, கூம்பு, கூப்பு எல்லாம் கண்ணில் படும். கை இரண்டும் குவிவது கூப்புதல். ஆட்கள் குவிவது கும்பல். தானியம் குவிவது குப்பை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கூம்பு - கூப்பு, திரும்பு - திருப்பு, நிரம்பு - நிரப்பு. தானாக நடப்பதற்கு 'ம்ப்', நாம் நடத்துவதற்கு 'ப்ப்'. கும்பல் என்பது தானாகக் கூடுவது, குப்பை என்பது கூட்டிச் சேர்ப்பது என்று இந்த இணையை நீட்டிப் பார்க்கலாம். மெல்லினம் வல்லினமாகும் இந்த விளையாட்டு திராவிட மொழிகளுக்கே உரிய இயந்திரம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி அண்டை வீடுகளைப் பார்ப்போம். தெலுங்கில் 'குப்ப' என்றால் இன்றும் குவியல்தான். கதிர்ப் போரும் குப்ப, பணக் குவியலும் குப்ப. கழிவு என்று சொல்ல வேண்டுமானால் முன்னால் 'செத்த' என்ற இன்னொரு சொல்லைச் சேர்த்து 'செத்தகுப்ப' என்பார்கள். ஒருவர் நிலைகுலைந்து விழுந்தால் 'குப்பகூலாடு' என்பார்கள், அதாவது குவியலாகச் சரிந்தார். கன்னடத்தில் குப்பெ, குப்பெயின் முதலெழுத்து மெலிந்து குப்பெ 'கு'வுக்கும் 'gu'வுக்கும் இடையே ஆடும் இரட்டை வழக்கு, பொருள் குவியல். மலையாளத்தில் 'குப்ப' நம்மைப்போலவே கழிவாகவும் ஆகிவிட்டது. 'குப்பத்தொட்டி' என்று அங்கும் சொல்வார்கள். ஆக, குப்பம் நகரத்தில் ஒரே சந்தையில் ஒரே குவியலைப் பார்த்துத் தமிழர் மூக்கைப் பொத்துவார், தெலுங்கர் மூட்டை கட்டுவார்!

இப்படிப் பல மொழிகளில் கிடைக்கும் வடிவங்களை ஒப்பிட்டு, எழுத்தில் கிடைக்காத மூல வடிவத்தை ஊகித்துக் கட்டுவதே மீட்டுருவாக்கம். அப்படிக் கட்டிய சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஷ்லைகர் 1860-களில் பரவலாக்கிய வழக்கம் இது. 'இதை யாரும் எழுதி நாம் பார்த்ததில்லை, ஆனால் இருந்திருக்க வேண்டும்' என்று அந்த நட்சத்திரம் நேர்மையாகச் சொல்கிறது. திராவிட மொழிகளுக்கு இந்த வேலையை எல்லிஸ் துரை 1816-இல் தொடங்கி வைத்தார். கால்டுவெல் 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதினார். பரோவும் எமனோவும் 1961-இல் வேர்ச்சொல் அகராதியாகத் தொகுத்து, 1984-இல் திருத்திய பதிப்பு வெளியிட்டனர். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003-இல் ஒரு பெருநூலில் எல்லாவற்றையும் திரட்டினார்.

ஜெர்மானியர் வீட்டுக் குவியல்

இப்போது என் மகனின் ஹௌஃபனுக்கு வருவோம். ஜெர்மன், ஆங்கிலம், டச்சு, ஸ்வீடிஷ் முதலியவற்றின் தாயான மூல ஜெர்மானியத்தில் *ஹௌபஸ் என்றொரு பெயர்ச்சொல்லை அறிஞர்கள் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். பொருள்: குவியல். ஆங்கிலத்து 'ஹீப்', டச்சு 'ஹோப்', பழைய ஜெர்மன் 'ஹௌஃப்' எல்லாம் இதன் பிள்ளைகள். இன்றைய ஜெர்மன் ஹௌஃபன் அதே வேரில் உயிரெழுத்து மட்டும் மாறிய தம்பி வடிவத்தின் வழியாக வந்தது. வடக்கே ஸ்வீடிஷ் மொழி, தாழ் ஜெர்மன் பேசிய வணிகர்களிடமிருந்து 'ஹோப்' என்பதைக் கடனாக வாங்கிக்கொண்டது. அங்கே 'இஹோப்' என்றால் 'ஒன்றாகச் சேர்ந்து' என்று பொருள்.

இந்தச் சொல்லின் சுவையான பக்கம் என்னவென்றால், தொடக்கத்திலிருந்தே இது மண், கல், தானியத்துக்கு மட்டும் உரியதாக இல்லை. மனிதருக்கும் உரியது. பழைய ஆங்கிலத்தில் இதே சொல் வீரர் கூட்டத்தையும் குறித்தது. பேவுல்ஃப் காப்பியத்தில் அப்படித்தான் வருகிறது. 15, 16ஆம் நூற்றாண்டுகளின் ஜெர்மானியக் கூலிப்படைகளில் படைப்பிரிவுக்கே ஹௌஃபன் என்று பெயர்.

1525-இல் தென் ஜெர்மனியில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் தங்கள் அணிகளையும் ஹௌஃபன் என்றே அழைத்தார்கள். பால்ட்ரிங்கன் ஹௌஃபன், ஆல்காய் ஹௌஃபன், போடன் ஏரி ஹௌஃபன் என்ற மூன்று குவியல்களின் பேராளர்கள் அந்த மார்ச் மாதம் மெம்மிங்கன் நகரில் கூடினார்கள். அங்கே உருவானதுதான் புகழ்பெற்ற பன்னிரண்டு கோரிக்கைகள். அதில் ஒரு கோரிக்கை, ஓடும் ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை ஏழைக்கும் வேண்டும் என்பது. இன்னொன்று, பிரபுக்கள் பிடுங்கிக்கொண்ட ஊர்ப் பொதுநிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது. ஆற்று மீனும் ஊர்ப் பொதுநிலமும் கேட்டு நின்றது ஒரு 'குவியல்'. இதையும் நினைவில் வையுங்கள்.

இந்தச் சொல்லின் ஒரு கிளை நம்ம பக்கமும் வந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? கோட்டைச் சுவர் உடைந்ததும் முதலில் ஏறிச் செல்லும் சிறு படையை டச்சுக்காரர்கள் 'ஃபெர்லோரன் ஹோப்' என்றார்கள். 'இழந்த குவியல்', அதாவது திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்தே அனுப்பும் கூட்டம். டச்சில் நம்பிக்கைக்கும் 'ஹோப்' என்றே பெயர், எழுத்தும் ஒன்றே. இதைக் காதால் கேட்ட ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டில் 'ஃபர்லார்ன் ஹோப்' என்று ஆக்கிக்கொண்டார்கள். குவியல் மறைந்து நம்பிக்கை ஒட்டிக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் அதற்கு 'வீண் நம்பிக்கை' என்று பொருள் சொல்பவர்களே அதிகம்.

1799-இல் ஹாரிஸ் தளபதியின் படை வேலூரிலிருந்து புறப்பட்டு, ராயக்கோட்டை வழியாக, நம்ம ஊருக்குத் தெற்கே உள்ள மலைநாட்டைக் கடந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போனது. மே 4-ஆம் தேதி நடுப்பகலில், உடைந்த சுவரை நோக்கிக் காவிரியில் இறங்கிய இரண்டு படை வரிசைகளின் முன்னால் போனவை அந்த 'ஃபர்லார்ன் ஹோப்' அணிகள்தான். திப்பு அன்று வீழ்ந்தார். *ஹௌபஸ் என்ற பழங்குவியலின் பேரப்பிள்ளை ஒன்று அன்று காவிரித் தண்ணீரில் நனைந்தது.

அப்படியானால் உறவுதானா?

ஹௌபஸ், குப்பை. ஒலி கொஞ்சம் ஒத்துப்போகிறது, பொருள் முழுதாக ஒத்துப்போகிறது. இன்னும் கேளுங்கள். ஜெர்மானிய 'ஹ' என்பது பழைய இந்தோ-ஐரோப்பிய 'க' திரிந்தது. யாக்கோப் கிரிம் 1822-இல் வகுத்துக் காட்டிய விதி இது. லத்தீனில் கார்னு, ஆங்கிலத்தில் ஹார்ன், இரண்டும் கொம்பு. லத்தீனில் கென்டும், ஆங்கிலத்தில் ஹன்ட்ரட், இரண்டும் நூறு. ஆகவே ஹௌபஸ் என்பதன் பழைய வடிவம் 'க'வில் தொடங்கியிருக்க வேண்டும். அந்தப் பழைய 'க'வைக் காப்பாற்றிய மொழிகளில் தேடினால் லிதுவேனிய மொழியில் 'கௌபஸ்' என்றால் குவியல். பழைய ஸ்லாவியத்தில் 'கூப்' என்றால் குவியல். பழம்பாரசீகத்தில் 'கௌஃப' என்றால் மலை. அதுவே பின்னால் 'கோஹ்' ஆயிற்று. கோஹினூர் வைரத்தின் முதல் பாதி அதுதான்: ஒளியின் மலை.

கௌபஸ், கூப், குப்பை! இப்போது எந்தத் தமிழனுக்குத்தான் கை துறுதுறுக்காது? எனக்கும் ஒரு ராத்திரி தூக்கம் போனது உண்மை.

ஆனால் மறுநாள் காலையில் இரண்டு தடைகள் எழுந்து நின்றன. முதல் தடை, ஒலி ஒப்புமை மட்டும் சான்றாகாது என்பது. நம் 'ஒன்று' என்பதும் ஆங்கிலத்து 'ஒன்' என்பதும் இன்று எவ்வளவு நெருக்கம்! ஆனால் ஆங்கிலச் சொல்லைப் பின்னால் நடத்திக்கொண்டு போனால் பழைய ஆங்கில 'ஆன்', மூல ஜெர்மானிய *ஐனஸ் என்று விலகிக்கொண்டே போகிறது. இன்றைக்குப் பக்கத்தில் நிற்கும் இருவர் நேற்று எதிரெதிர்த் திசையிலிருந்து வந்திருக்கிறார்கள். மாறாகக் கன்னடக் 'கிவி'யும் நம் 'செவி'யும் காதுக்கு அன்னியம். ஆனால் உடன்பிறந்தவை. உறவைக் காட்டுவது ஒலியின் சாயல் அல்ல, ஒலிமாற்றத்தின் ஒழுங்கு.

இந்த ஒழுங்கு என்னவென்று குப்பத்துக்காரனுக்குப் பாடம் நடத்தத் தேவையே இல்லை. நம்ம ஊர்ப் பால் எல்லை தாண்டினால் 'ஹாலு', பத்து 'ஹத்து', பல்லு 'ஹல்லு'. சொல்லின் முதலில் நிற்கும் 'ப' கன்னடத்தில் 'ஹ' ஆகும். ஒரு சொல்லில் அல்ல, சொல்லுக்குச் சொல் ஆகும். ஆனால் உப்பு உப்பாகவே இருக்கும், அப்பா அப்பாவாகவே இருப்பார். இரட்டித்த 'ப்ப' அசையாது. குப்பெயும் அசையவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மானிய ஹௌபஸிலும் இதே சிக்கல் உண்டு. கிரிம் விதிப்படி பழைய 'ப' அங்கே 'ஃப' ஆகியிருக்க வேண்டும். பாதர் என்ற லத்தீன் ஒலி ஃபாதர் ஆனதைப்போல. ஆனால் ஆங்கில ஹீப்பில் 'ப' அப்படியே நிற்கிறது. ஒருசாரார் மூலத்தில் 'ப' இரட்டித்திருக்கும், இரட்டித்ததால் தப்பியது என்கிறார்கள். ஃப்ரீட்ரிக் குளூகே 1884-இல் வகுத்த விதியை இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். வேறு சிலர் மூல ஒலியே 'ப' அல்ல, அதன் மெலிந்த இணை என்பார்கள். எப்படியோ, தப்பித்த ஒரு 'ப'வுக்கு விளக்கம் தேடி ஐரோப்பியப் பேராசிரியர்கள் தலையைச் சொறிகிறார்கள். அதே போன்ற ஒன்றை எங்கள் ஊர்ப் பால்காரர் தினமும் வாயால் நிரூபித்துக்கொண்டு போகிறார்!

இரண்டாவது தடை இன்னும் பெரியது. ஹௌபஸ் தன் குடும்பத்துக்குள் லிதுவேனியம், ஸ்லாவியம், பாரசீகம் என்று தன் உறவினரோடு முறையாகப் பொருந்துகிறது. குப்பையும் தன் குடும்பத்துக்குள் குவி, கும்பல், கூப்பு என்று தன் இயந்திரத்திலேயே பிறக்கிறது. ஒவ்வொன்றும் தன் வீட்டிலேயே பிறந்ததற்கு அடையாளம் வைத்திருக்கும்போது, ஒன்று மற்றொன்றின் வீட்டிலிருந்து திருடியது என்று சொல்ல இடமில்லை. இரு குடும்பங்களுக்கும் மேலே ஒரு பாட்டன் உண்டு என்று நாஸ்த்ராதிக் கொள்கையினர், குறிப்பாக 1960-களின் சோவியத் அறிஞர்கள் சிலர், வாதாடினார்கள். பெரும்பான்மை மொழியியலாளர் அதை ஏற்கவில்லை.

ஆக, என் மகனுக்கு நான் சொன்ன விடை: "இல்லப்பா. ஒரே வார்த்தை இல்லை. யாரும் யார்கிட்டேயும் எடுத்துக்கலை."

அவன் முகம் வாடியது. "அப்ப சும்மா தற்செயலா?" என்றான். அங்கேதான் நான் அடுத்த பாதியைச் சொல்ல வேண்டியிருந்தது.

குவியலிலிருந்து குடியிருப்பு

ஒலி தற்செயலாக இருக்கலாம். ஆனால் பொருள் நடந்த பாதை தற்செயல் அல்ல. ஒன்றையொன்று அறியாத இரண்டு மக்கள், தானியம் குவிவதைப் பார்த்த அதே கண்ணால் மனிதர் கூடுவதையும் பார்த்திருக்கிறார்கள். அங்கே குவியல் படையானது, கூட்டமானது, 'ஒன்றாகச் சேர்ந்து' என்றானது. இங்கே குவியல் குடியிருப்பானது. குப்பம் என்பது வீடுகள் குவிந்த இடம், மனிதர் சேர்ந்த இடம். ஆடு ஆட்டமாகும், கூடு கூட்டமாகும். அதே அச்சில் வார்த்த சொல்லாகவே குப்பமும் தெரிகிறது.

குப்பம் என்றால் மீனவர் ஊர் மட்டும்தான் என்று கடற்கரைப் பக்கத்தார் நினைக்கிறார்கள். எங்கள் குப்பத்துக்கும் கடலுக்கும் இடையே எத்தனை மலை! பழைய வடஆர்க்காடு முழுவதும் ரெட்டிக்குப்பம், செட்டிக்குப்பம், மேல்குப்பம் என்று உள்நாட்டுக் குப்பங்கள் நிறைய. ஏர் ஓட்டியவரும் குப்பத்தில் இருந்தார், வலை வீசியவரும் குப்பத்தில் இருந்தார். பொதுவானது ஒன்றுதான்: சேர்ந்து வாழ்ந்தார்கள்.

ஜெர்மானிய மொழிகளில் இதற்கும் ஓர் இணை உண்டு. *துர்ப என்ற மூலச்சொல்லிலிருந்து வந்தது ஜெர்மன் 'டோர்ஃப்', கிராமம். டூசல்டோர்ஃபின் வால் அதுதான். டச்சில் டோர்ப். இங்கிலாந்தில் ஸ்கந்தோர்ப் போன்ற ஊர்ப்பெயர்களில் தோர்ப். ஸ்வீடனில் 'டோர்ப்' என்றால் ஏழைக் குடியானவரின் சிறு குடிசை. ஐஸ்லாந்து மொழியில் இதே வேரில் வரும் ஒரு வினைக்குக் 'கூட்டமாகக் கூடுதல்' என்று பொருள். கூட்டம் முந்தியதா, கிராமம் முந்தியதா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். நமக்கு வேண்டியது அந்த இரண்டின் நெருக்கம்.

பெயர் எப்படித் தாழ்ந்தது?

இத்தனை நல்ல சொல் எப்படிச் சிரிப்புக்கு இடமானது? இதிலும் நாம் தனியாக இல்லை. டோர்ஃபில் வாழ்ந்தவனை இடைக்கால ஜெர்மனில் 'டோர்பர்' என்றார்கள். கோட்டையிலும் நகரிலும் இருந்தவர்கள் அதைத் திட்டாக்கினார்கள். அது திரிந்து இன்று 'டோல்பெல்' என்று வழங்குகிறது, பொருள் மடையன். ஆங்கிலத்தில் பண்ணைக் குடியானவனைக் குறித்த 'வில்லன்' கெட்டவன் ஆனான். நம் சினிமாவிலும் அவனே வருகிறான். நம்மிடையே 'பட்டிக்காட்டான்' என்ற சொல் படும் பாடு தெரிந்ததே. சொல்லை இழிவாக்கியது அந்த ஊரில் வாழ்ந்தவரல்லர், அந்த ஊரைத் தள்ளி நின்று பார்த்தவர்.

சென்னையில் இது வெறும் சொல் விவகாரமாக நின்றுவிடவில்லை. நகரம் பிறப்பதற்கு முன்பே கரையில் மீனவர் ஊர்கள் இருந்தன. நகரம் வளர்ந்து அவற்றைச் சூழ்ந்தது. சூழ்ந்தபின், 'நடுவில் என்ன இந்தக் குப்பம்?' என்று கேட்டது. 1970-இல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குப்பத்தைக் குடிசைப் பகுதி என்று எழுதினால் அது அகற்றவோ மாற்றிக் கட்டவோ வேண்டிய இடம். அதையே மீனவர் ஊர் என்று எழுதினால் அதற்குக் கரை உண்டு, படகு நிறுத்தும் இடம் உண்டு, வலை உலர்த்தும் மணல் உண்டு, பொது உரிமை உண்டு. ஒரே இடம்தான். எந்தச் சொல்லால் குறிக்கிறோம் என்பதில் ஒரு தலைமுறையின் வீடு அடங்கியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முதலில் அடித்தது இந்தக் குப்பங்களைத்தான். அதற்குப்பின் பலர் கரையைவிட்டு வெகுதூரம் குடியேற்றப்பட்டார்கள். கடலைப் பார்க்காமல் மீனவன் எப்படி வாழ்வான் என்ற கேள்வி அப்போது எழுந்தது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது. 2011-இல் வந்த புதிய அறிவிக்கை, மீனவர் குடியிருப்புகளையும் அவர்கள் பொதுவில் பயன்படுத்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. 2019-இல் அதற்குப் பதிலாக வேறோர் அறிவிக்கை வந்தது. வரைபடத்தில் தங்கள் கரை விடுபட்டுவிடக்கூடாதே என்று ஊர்க்காரர்கள் தாங்களே அளந்து வரைந்து கொடுத்த இடங்களும் உண்டு. 1525-இல் மெம்மிங்கனில் கூடிய குவியல்கள் கேட்டதும் இதைத்தானே? ஓடும் நீரில் மீனும், ஊருக்குப் பொதுவான நிலமும்.

இப்போதெல்லாம் பல குப்பங்கள் 'நகர்' என்று பெயர் மாற்றிக்கொள்கின்றன. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பிள்ளை வேலைக்கு மனுப் போடும்போது முகவரியைப் பார்த்து முகம் சுளிப்பார்களோ என்ற அச்சம் பெற்றவர்களுக்கு இருக்கத்தானே செய்யும்? ஆனால் சுளிக்கும் முகத்தைவிட்டு ஊரின் பெயரை மாற்றினால், நாளைக்கு 'நகர்' என்பதைப் பார்த்தும் அந்த முகம் சுளிக்கும். சொல்லின் வரலாறு காட்டும் பாடம் அதுதான்.

மறுபடியும் அந்தக் கேள்வி

என் மகனுக்கு நான் கடைசியில் இப்படித்தான் விளக்கினேன்: "ஹௌஃபனும் குப்பையும் சொந்தக்காரங்க இல்லை. ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம் தோணிருக்கு. நெல்லு சேர்ந்தா குவியல், மனுஷன் சேர்ந்தா ஊரு." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க கிளாஸும் ஒரு குப்பமா?" என்றான். "ஆமாடா, நல்ல குப்பம்" என்றேன்.

அன்பர்களே, இரவல் பெருமை நமக்குத் தேவையில்லை. ஐரோப்பியச் சொல்லுக்குத் தமிழ்த் தாலி கட்டித்தான் நம் சொல்லுக்கு மதிப்பு வரும் என்பதில்லை. உப்புக் குன்றுக்கும் நெற்குவியலுக்கும் பெயரான சொல், மனிதர் சேர்ந்து வாழும் இடத்துக்கும் பெயரானது. அந்த வரலாறு போதும். சொந்த மண்ணை விட்டு வந்து, வேறு வேறு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் கட்டி, வருடத்துக்கொரு மலர் போடுகிறோமே, நாமும் அந்தச் சொல்லின் பொருளில்தான் நிற்கிறோம்.

அடுத்த விழாவில் யாராவது "எந்தக் குப்பம்?" என்று கேட்டால், முன்போல ரயில்வே ஸ்டேஷனையும் பல்கலைக்கழகத்தையும் சாட்சிக்கு இழுக்கமாட்டேன். "நீங்க இப்ப நிக்கிறீங்களே, இதுவும் ஒரு குப்பம்தாங்க" என்று சொல்வதாக இருக்கிறேன்.